போன் பண்ண ஒரு ஆள்

ஆணி கொஞ்சம் ஜாஸ்தியாப் போனதால ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல. இந்தப் பதிவும் ஒரு வருஷமா பாதி எழுதினபடியே கிடந்துச்சு. வழக்கமான மொக்கை இல்லை, கொஞ்சம் சீரியஸ். சிரிக்க வந்தவங்க கோச்சுக்காம அடுத்த பதிவுக்கு வந்துடுங்க :-)

டிஸ்கி: இதுல வர்ற நண்பன் நிஜ ஆள். முழுசா அவனுக்குப் படிச்சுக் காட்டி, "இதை எடு, இதை வை"ன்னு அவன் சொன்னபடி வெட்டி ஒட்டின பிறகுதான் போடுறேன். பேர், ஊர், காலேஜ் எதுவும் கேட்காதீங்க.

மேட்டர் இதுதான். அப்பா அம்மா இல்லாம, இல்லன்னா இருந்தும் வளர்க்க முடியாம, இல்லங்கள்ல வளர்ற பசங்க இருக்காங்க. அவங்களுக்குச் சோறு, துணி, படிப்பு கிடைக்குதான்னு எல்லாரும் கேட்கிறோம். அவங்க மனசை யாரு பார்த்துக்கறாங்க? 18 வயசு முடிஞ்சு கேட்டைத் தாண்டி வெளிய வந்த பிறகு அவங்களுக்கு யாரு? இந்தக் கேள்வியை எனக்குக் காட்டினவன் என் ஹாஸ்டல் ரூம்மேட். பதில்ல பாதியைச் சொல்லிக் கொடுத்தவங்க என் பெரியப்பா பொண்ணு. அக்கா கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். எம்.ஃபில் முடிச்சு, இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு பண்ணி, தஞ்சாவூர் பக்கம் வேலை பார்க்கிறாங்க. வாரத்துல ஒரு நாள் இல்லத்துக் குழந்தைங்களுக்குன்னே ஒதுக்கி வச்சிருக்காங்க. (மாத்திரை எழுதுற சைக்யாட்ரிஸ்ட் வேற, இவங்க வேற. சொந்தக்காரங்க இன்னும் "டாக்டர், எனக்குத் தூக்கமே வரல, ஒரு மாத்திரை"ன்னு கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க.)

எங்க ஊர் ஒரத்தநாடு பக்கம். 2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை. நான் ரெண்டாங்கிளாஸ், அரையாண்டு லீவு. வயல்ல சம்பா கதிர் வாங்கியிருந்த நேரம். நாகப்பட்டினம் இப்ப வேற மாவட்டம்னாலும் 1991 வரைக்கும் எல்லாம் ஒரே தஞ்சாவூர் ஜில்லாதான். யார் வீட்டைக் கேட்டாலும் அந்தப் பக்கம் ஒரு சொந்தம் இருக்கும். அன்னிக்குப் பெரியவங்க முகமே சரியில்லாம இருந்ததும், மறுநாள் ஊர்க்காரங்க வீட்டுக்கு வீடு அரிசி வாங்கி லாரி ஏத்தினதும் எனக்கு மங்கலா ஞாபகம் இருக்கு. நாகை மாவட்டத்துல மட்டும் 6,000-க்கும் மேல உயிர் போச்சு. அந்த வருஷமே டெல்டாவுக்குக் கெட்ட வருஷம். ஜூலை 16-ல் கும்பகோணத்துல பள்ளிக்கூடம் தீப்பிடிச்சு 94 குழந்தைங்க போயிட்டாங்க. அந்த அழுகை ஓயறதுக்குள்ள கடல் வந்துடுச்சு.

அதே காலையில என் நண்பனும் ரெண்டாங்கிளாஸ்தான். ஆனா அவன் வீடு கரையில இருந்துச்சு. அப்பா, அம்மா, தங்கச்சி மூணு பேரும் போயிட்டாங்க. தங்கச்சி உடம்பு கடைசி வரைக்கும் கிடைக்கல. தாய்மாமா கொஞ்ச மாசம் வச்சிருந்தாரு. அவருக்கும் படகு போச்சு, வலை போச்சு, சொந்தமா மூணு பிள்ளைங்க. கடைசியில ஒரு இல்லத்துல கொண்டு வந்து விட்டாரு. (யாரையும் குறை சொல்றதுக்கு எழுதல. மாமா இப்பவும் பொங்கலுக்குப் பேசுவாரு.)

2015-ல் நாங்க ரெண்டு பேரும் ஒரே இன்ஜினியரிங் காலேஜ், ஒரே ரூம். எங்களுக்கெல்லாம் ஞாயித்துக்கிழமை சாயந்திரம்னா வீட்டுல இருந்து போன் வரும். "சாப்டியா? என்ன சாப்ட? எண்ணெய் தேச்சுக் குளிச்சியா?" அதே மூணு கேள்வி. அவனுக்குப் போன் வராது, அவன்தான் பண்ணுவான். இல்லத்து வார்டன் அம்மாவுக்கு. ஆபீஸ் நம்பருக்கு. ஆறு மணிக்கு மாடிப்படி ஓரமா போய் நின்னுக்கிட்டு, பத்து நிமிஷம். திரும்பி வந்து, "திட்டுறாங்கடா, எண்ணெய் தேச்சுக் குளிக்கலையாம்"னு சிரிப்பான். அந்தச் சிரிப்புல ஒரு பெருமை இருக்கும்.

மூணாவது வருஷத்துல ஒரு ஞாயித்துக்கிழமை போன் பண்ணினான். வேற குரல் எடுத்துச்சு. "அவங்க வேலையை விட்டுட்டுப் போய்ட்டாங்களே. நீ யாருப்பா? எந்த வருஷத்துப் பையன்?"

அவ்வளவுதான். திட்டல, விரட்டல. எடுத்தவங்க புதுசா வந்தவங்க, அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. ஆனா அன்னிக்கு ராத்திரியில இருந்து அவன் படுத்தவன் எந்திரிக்கல. கிளாஸுக்கு வரல, மெஸ்ஸுக்கு வரல. லைட்டைப் போட்டா கத்துவான். அந்த செமஸ்டர் அஞ்சு அரியர். பசங்க "லவ் பெயிலியர்டா"ன்னு முடிவு பண்ணிட்டாங்க. காலேஜ்ல அட்டெண்டன்ஸ் குறைஞ்சதுக்கு "பெற்றோரை அழைத்து வரவும்"னு ஒரு லெட்டர் கொடுத்தாங்க. அதை வாங்கி மடிச்சுத் தலகாணிக்கு அடியில வச்சுக்கிட்டான்.

நான் அக்காவுக்குப் போன் போட்டேன். அக்கா உபதேசம் எல்லாம் பண்ணல, வரிசையா கேள்விதான் கேட்டாங்க. தூங்குறானா, சாப்பிடுறானா, குளிக்கிறானா. அப்புறம், "செத்துப்போகலாம்னு தோணுதான்னு நேரடியா கேளுடா தம்பி. கேட்டா அந்த எண்ணம் வந்துடும்னு நினைக்காத. கேட்கிறதால வராது. கேட்க ஒரு ஆள் இருக்குன்னு தெரிஞ்சா இறங்கத்தான் செய்யும்"னாங்க. கேட்டேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன் ரொம்ப நேரம் கழிச்சு, "சாகணும்னு இல்லடா. இருந்து என்னன்னு இருக்கு"ன்னான். அதை அப்படியே அக்காகிட்ட சொன்னேன்.

அக்கா ரெண்டு காரியம் பண்ணாங்க. ஒண்ணு, தெரிஞ்ச பையனுக்குத் தானே சிகிச்சை தரக் கூடாதுன்னு, கூடப் படிச்ச இன்னொரு சைக்காலஜிஸ்ட்கிட்ட அனுப்பி வச்சாங்க. ரெண்டாவதுதான் எனக்கு ஆச்சரியம். "அந்த வார்டன் அம்மா இப்ப எங்க இருக்காங்கன்னு கண்டுபிடி. மத்ததெல்லாம் அப்புறம்"னாங்க.

கண்டுபிடிச்சோம். இல்லத்துச் சமையக்காரம்மா, அவங்க மருமகன், ஒரு மளிகைக்கடைன்னு நாலு போன்ல நம்பர் கிடைச்சுது. வார்டன் அம்மா மக வீட்டோட போயிட்டாங்க, பேரனைப் பார்த்துக்க. அடுத்த ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு அவங்களே பண்ணினாங்க. நான் பக்கத்துல இருந்தேன். எடுத்ததும் கேட்ட முதல் வார்த்தை, "ஏன்டா, ஒரு நம்பர் விசாரிச்சு வாங்கத் தெரியாதா உனக்கு? இன்ஜினியராம் இன்ஜினியர்!" அவன் பேசவே இல்ல. அழுதான். அன்னிக்கு ராத்திரி மெஸ்ஸுக்கு வந்து ஏழு சப்பாத்தி சாப்பிட்டான்.

ஒரு போன்ல எல்லாம் சரியாயிடுச்சுன்னு கதை விடல. அதுக்கப்புறம் எட்டு மாசம், முதல்ல வாராவாரம், பிறகு மாசம் ரெண்டு தடவைன்னு கவுன்சிலிங் போனான். எட்டு மாசத்துல ஒரு விஷயம் வெளிய வந்துச்சு. இதை எழுதலாமான்னு ரெண்டு தடவை கேட்டேன், எழுதுன்னுட்டான். அலை வந்தப்ப தங்கச்சி கையைப் பிடிச்சிருந்தது இவன். கை விட்டுப் போச்சு. "விட்டது நான்தான்"னு பதிமூணு வருஷமா உள்ளயே வச்சிருந்திருக்கான். அந்த சைக்காலஜிஸ்ட் "உன் மேல தப்பில்ல"ன்னு முதல் நாளே சொல்லிடல. அப்படிச் சொன்னா மண்டையை ஆட்டிட்டு வந்துடுவான்னு அவங்களுக்குத் தெரியும். ஒரு பிரைமரி ஸ்கூல் வாசல்ல சாயந்திரம் விடுற நேரத்துல போய் நின்னு, ரெண்டாங்கிளாஸ் பசங்க கை எவ்வளவு பெருசு இருக்குன்னு பார்த்துட்டு வரச் சொன்னாங்க. போய்ப் பார்த்துட்டு வந்தான். என்கிட்ட வந்து உள்ளங்கையை விரிச்சுக் காட்டி, "இத்தினியூண்டுடா"ன்னான். வேற எதுவும் சொல்லல.

சைக்காலஜிஸ்ட்னா ஆளை சோபாவுல படுக்க வச்சு, கண்ணை மூடச் சொல்லி, பெண்டுலத்தை ஆட்டுவாங்கன்னு சினிமா நமக்குக் காட்டி வச்சிருக்கு. அக்கா இல்லத்துக்குப் போறப்ப பையில என்ன இருக்கும் தெரியுமா? கிரேயான், களிமண், நாலு பொம்மை, ஒரு பல்லாங்குழி. முகத்தைப் பார்த்துக் கேட்டா குழந்தை பேசாது. கை சோழியைப் போட்டுக்கிட்டு இருந்தா வாய் தானா பேசும்ங்கிறாங்க.

அக்காகிட்ட கேட்டுக்கிட்டதுல சிலது (எந்தக் குழந்தையையும் குறிக்காம, பொதுவா):

சில பசங்க தலகாணிக்கு அடியில சாப்பாட்டை ஒளிச்சு வைப்பாங்க. காய்ஞ்ச பன், பாதி இட்லி, எறும்பு மொய்ச்ச வாழைப்பழம். பார்த்தவங்க "மூணு வேளை போடுறோம், அப்பவும் திருட்டா?"ம்பாங்க. அது திருட்டு இல்ல. நாளைக்குச் சோறு வரும்ங்கிறதை அந்த உடம்பு இன்னும் நம்பல. அடிச்சா இன்னும் ஆழமா ஒளிக்கும். அவன் பேர் எழுதி ஒரு டப்பா கொடுத்து, அதுல பிஸ்கட் தீராம பார்த்துக்கிட்டா கொஞ்சம் கொஞ்சமா ஒளிக்கிறது குறையும். அந்த டப்பாதான் மருந்து.

அடுத்தது, போன உடனே ஓடி வந்து "அண்ணா"ன்னு கட்டிப் பிடிச்சு மடியில ஏறிக்கிற குழந்தை. நாம வீட்டுக்கு வந்து "என்னா பாசம்! பிரியவே மாட்டேங்குது"ன்னு உருகுவோம். அக்காவுக்கு அதைப் பார்த்தாதான் கவலை. வீட்டுல வளர்ற மூணு வயசுக் குழந்தை புது ஆளைப் பார்த்தா அம்மா முந்தானைக்குப் பின்னாடி ஒளியும், ஏன்னா அதுக்குன்னு ஒரு ஆள் இருக்கு. யாரா இருந்தாலும் சரின்னு போற குழந்தைக்கு, தனக்குன்னு ஒருத்தர்ங்கிறதே பதியாமப் போயிருக்கலாம். ஏமாத்துறவங்களுக்கும் அந்தக் குழந்தை சுலபமா மாட்டும்.

அப்புறம் கிடை ஆட்டுப் பசங்க. அறுப்பு முடிஞ்ச வயல்ல ஆட்டுக்கிடை போடுறது நம்ம பக்கம் எல்லாருக்கும் தெரியும். அந்த ஆட்டை மேய்க்கிற பையன் யாருன்னு நின்னு பார்த்திருக்கோமா? அப்பா வாங்கின கடனுக்கு அடமானமா விடப்பட்ட பசங்களை அதிகாரிங்க மீட்ட செய்தி தஞ்சாவூர், நாகை, திருவாரூர் பக்கம் பல தடவை வந்திருக்கு. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்ச பிறகும் வந்துச்சு. அப்படி மீட்ட பசங்களுக்குக் குழந்தைங்க நிறைய பேருக்கு அப்பா அம்மா உயிரோட இருப்பாங்க. "என்னை ஏன் கொடுத்தாங்க?"ங்கிற கேள்விக்குப் பதில்தான் இருக்காது. பெரும்பாலும் குழந்தையே ஒரு பதில் வச்சிருக்கும்: "நான் சேட்டை பண்ணேன், அதான்." இதை உடைக்கத்தான் சைக்காலஜிஸ்டுங்க அந்தக் குழந்தையோட சேர்ந்து ஒரு நோட்டுல அதோட கதையை எழுதுவாங்க. எங்க பிறந்த, யார் வளர்த்தா, எந்தத் தேதியில இங்க வந்த, ஏன் வந்த. பொய் கிடையாது, வயசுக்குத் தகுந்த உண்மை. நம்ம வீட்டுல ஆல்பம் இருக்கு, "நீ பிறந்தப்ப ஒரே மழை"ன்னு சொல்ல அப்பத்தா இருக்கு. அவங்களுக்கு அந்த நோட்டு.

இதுக்கெல்லாம் பின்னாடி ஒரே ஒரு விஷயம்தான் இருக்குன்னு அக்கா சொல்றாங்க. மாறாத ஒரு பெரிய ஆள். 1951-ல் ஜான் பௌல்பிங்கிறவர் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதின அறிக்கையிலேயே இது இருக்கு: சோறு எவ்வளவு முக்கியமோ, விட்டுப் போகாத ஒருத்தரோட பாசமும் குழந்தை மனசுக்கு அவ்வளவு முக்கியம். 2000-களோட தொடக்கத்துல ருமேனியாவுல புக்கரெஸ்ட் நகரத்து இல்லங்கள்ல இருந்த 136 குழந்தைங்களை எடுத்து, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்கள்ல வச்சுப் பார்த்தாங்க. குடும்பத்துக்குப் போனவங்க தேறினாங்க, அதுலயும் ரெண்டு வயசுக்கு முன்னாடி போனவங்க ரொம்ப நல்லா. ஹவாயில கவாய்னு ஒரு தீவு. 1955-ல் அங்க பிறந்த 698 குழந்தைங்களை எம்மி வெர்னர்ங்கிற அம்மா நாப்பது வயசு வரைக்கும் தொடர்ந்து கவனிச்சாங்க. வறுமை, குடி, சண்டைன்னு எல்லாக் கஷ்டத்துலயும் வளர்ந்த குழந்தைங்கள்ல மூணுல ஒரு பங்கு நல்லபடியா தேறி வந்தாங்க. தேறினவங்ககிட்ட பொதுவா இருந்ததுல முக்கியமானது, கூடவே நின்ன ஒரு பெரிய ஆள். பெத்தவங்களாதான் இருக்கணும்னு இல்ல. பாட்டி, வாத்தியார், பக்கத்து வீட்டு அக்கா, யாரா இருந்தாலும் சரி.

ஹவாய் வரைக்கும் போவானேன், நம்ம ஊர் மகாராஜாவே இருக்காரு. இரண்டாம் சரபோஜி. சரஸ்வதி மகால் நூலகம்னா ஞாபகம் வருமே, அவர்தான். 1777-ல் பிறந்து, பத்து வயசுல துளஜா ராஜாவுக்குத் தத்துப் பிள்ளையா வந்தவர். தத்து எடுத்த ராஜா 1787-லயே இறந்துட்டாரு. அரியணைக்கு வந்த அமர்சிங் இந்தப் பையனை வெயில்கூடப் படாத அறையில அடைச்சு வச்சாரு, படிப்பும் கிடையாது. அப்ப இவருக்குன்னு நின்ன ஒரே பெரிய ஆள் ஸ்வார்ட்ஸ் பாதிரியார். சென்னைக்கு எழுதிப் போட்டு, சண்டை பிடிச்சு, 1793-ல் பையனை சென்னைக்கே அனுப்பி வச்சாரு. 1798-ல் சரபோஜி ராஜா ஆனாரு. அதே வருஷம் பிப்ரவரியில பாதிரியார் போயிட்டாரு. சிவகங்கைப் பூங்காவை ஒட்டின சர்ச்சுல ஒரு பளிங்குச் சிற்பம் இருக்கு. லண்டன்ல ஃபிளாக்ஸ்மன்கிட்ட சொல்லி சரபோஜி செய்ய வச்சது. சாகக் கிடக்கிற பாதிரியார் பக்கத்துல ராஜா நிக்கிறாரு. தஞ்சாவூர் போனா பெரிய கோயிலோட திரும்பிடாம இதையும் பாருங்க.

இதுல எனக்குப் பிடிச்ச இடம் வேற. சத்திரங்களைப் பத்தி 1801-ல் சரபோஜி ஆங்கிலேய ரெசிடென்டுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்காரு. வழிப்போக்கர்களோட அநாதைக் குழந்தைங்க சத்திரத்துக்கு வந்தா வாத்தியார் பொறுப்புல விடுறோம், ரெண்டு வேளை சோறு, நாலு நாளைக்கு ஒரு தடவை எண்ணெய்க் குளியல், சீக்கு வந்தா மருந்து, புதுத் துணி, பிடிச்ச படிப்பு, படிச்சு முடிச்சதும் கல்யாணச் செலவு, இப்படிப் போகுது அந்தப் பட்டியல். அந்தக் காலத்துச் சத்திரத்துல யாருக்கு இடம் இருந்துச்சு, யாருக்கு இல்லைங்கிறது தனிக் கேள்வி. ஆனா பட்டியலோட கடைசி வரியைப் பாருங்க. கல்யாணம் வரைக்கும். அடைச்சு வைக்கப்பட்ட பையனுக்குத் தெரிஞ்சிருக்கு, படிப்பு முடிஞ்சதும் பொறுப்பு முடியாதுன்னு. அடுத்த வருஷம், 1802-ல், எங்க ஒரத்தநாட்டுல முத்தாம்பாள் சத்திரத்தைக் கட்டினதும் இவர்தான். சின்ன வயசுல அதைத் தாண்டித்தான் பஸ் ஏறப் போவோம்.

இந்தக் காலத்துக்கும் ஒரு உதாரணம் நாகப்பட்டினத்துலயே இருக்கு. கும்பகோணம் தீவிபத்து அப்ப தஞ்சாவூர் கலெக்டரா இருந்த ஜெ. ராதாகிருஷ்ணன், சுனாமிக்கு அப்புறம் நாகைக்கு கலெக்டரா மாத்தப்பட்டாரு. பெத்தவங்களை இழந்த குழந்தைங்களுக்காக அங்க அன்னை சத்யா அரசுக் காப்பகம் வந்துச்சு. பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆளுங்க வந்து, உள்ளூர் ஆளுங்களுக்கே பயிற்சி கொடுத்தாங்க. பேச விடு, குறுக்க பேசாம கேளு, கூட இரு, விளையாட வை, பழைய வழக்கத்துக்குக் கொண்டு வா. பெரிய பெரிய வார்த்தை எதுவும் இல்ல. கலெக்டர் மாத்தலாகிப் போன பிறகும் அவரும் அவங்க வீட்டம்மாவும் அந்தக் குழந்தைங்க தொடர்பை விடல. அங்க சின்னக் குழந்தைங்களா வந்த ரெண்டு பொண்ணுங்களுக்கு 2022-லயும் 2025-லயும் கல்யாணம் ஆச்சு, ரெண்டுக்கும் அவர் முன்னால நின்னு நடத்தி வச்சாரு. பேப்பர்ல போட்டோ பார்த்திருப்பீங்க. நான் பார்த்தது போட்டோவுல இருந்த வருஷக் கணக்கை. ஒரு கலெக்டரோட வேலை ரெண்டு மூணு வருஷத்துல முடிஞ்சுடும். இது பதினேழு, இருபது வருஷம்.

ஆனா ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு ராதாகிருஷ்ணன் சார் கிடைப்பாருன்னு நம்பி உட்கார முடியாதுல்ல? அதுக்குத்தான் சட்டம்.

2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம் 2016 ஜனவரி 15-ல் நடைமுறைக்கு வந்துச்சு. சுனாமியில ரெண்டாங்கிளாஸ் படிச்ச எங்க செட்டு 18 தொட்டதும் அந்த வருஷம்தான். அதுல 46-வது பிரிவு: 18 முடிஞ்சு இல்லத்தை விட்டுப் போறவங்களுக்கு நிதியுதவி "வழங்கப்படலாம்". கவனிங்க, வழங்கப்பட வேண்டும்னு இல்ல, லாம். நம்ம கோடுல கட்டாயத்துக்கும் விருப்பத்துக்கும் என்ன வித்தியாசம்னு பொட்டி தட்டுற எல்லாருக்கும் தெரியும். பிற்காப்புங்கிற இந்த உதவி 21 வயசு வரைக்கும், 2016 விதிகள்படி விதிவிலக்கா 23 வரைக்கும் நீளலாம். ஆறுல இருந்து எட்டுப் பேரா சேர்ந்து தங்க இடம், அந்தக் குழுவோட தொடர்ந்து தொடர்புல இருக்க ஒரு கவுன்சிலர், எல்லாம் விதியில இருக்கு. நூறு குழந்தைங்க இருக்கிற இல்லத்துக்கு ரெண்டு கவுன்சிலர் அல்லது சைக்காலஜிஸ்ட் வேணும்னும் அதே விதிகள் சொல்லுது. 2022-ல் வந்த மிஷன் வாத்சல்யா வழிகாட்டுதல்ல பிற்காப்புக்கு மாசம் 4,000 ரூபாய். தமிழ்நாட்டுல 2025 செப்டம்பர்ல அன்புக் கரங்கள் திட்டம் வந்துச்சு: பெத்தவங்க ரெண்டு பேரையும் இழந்து உறவினர் வீட்டுல வளர்ற குழந்தைங்களுக்கு 18 வயசு வரைக்கும் மாசம் 2,000. நல்ல விஷயம், அந்த மாமா மாதிரி ஆளுங்களுக்குக் கை கொடுக்கும்.

பணம் பக்கம் இப்படி மெதுவா நகருது. ஆள் பக்கம்தான் அக்காவுக்கு ஆதங்கம். "கவுன்சிலர் பாதிப் பேர் ஒப்பந்தத்துல வர்றவங்கடா. வேற நல்ல வேலை கிடைச்சா போயிடுவாங்க, போகத்தான் செய்வாங்க. குழந்தை ஒருத்தர்கிட்ட மனசைத் திறக்கவே ஆறு மாசம் ஆகும். திறந்த நேரத்துல அவங்க போயிடுவாங்க. அடுத்து வர்றவங்ககிட்ட முதல்ல இருந்து. மூணாவது ஆள் வர்றப்ப குழந்தை, 'அதெல்லாம் ஃபைல்ல இருக்கு, பார்த்துக்கங்க'ன்னுடும்."

இந்த வரியைக் கேட்டப்ப எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. வார்டன் அம்மா போனதை ஒரு தனி ஆளோட கதையாத்தான் அது வரைக்கும் பார்த்துக்கிட்டு இருந்தேன். அவங்க போனதுல தப்பே இல்ல, பேரன் பிறந்தா யாருதான் போக மாட்டாங்க? ஆனா போறவங்க நம்பரைப் பழைய பசங்களுக்குச் சொல்லணும், "உன்னை எனக்குத் தெரியும், பழைய ரிஜிஸ்டர்ல உன் பேர் இருக்கு, இனிமே எனக்குப் பண்ணு"ன்னு சொல்ல ஒரு ஆள் இருக்கணும். யாரும் இதை யாரோட வேலைன்னும் எழுதி வைக்கல. எங்க ஆபீஸ்ல ஒருத்தன் பேப்பர் போட்டா ரெண்டு மாசம் நோட்டீஸ், நாலு வாரம் கைமாத்தல், எக்ஸெல் ஷீட், கையெழுத்து. ஒரு சர்வருக்கு அவ்வளவு மரியாதை.

படிப்பு முடிச்சு வேலைக்குச் சேர்ந்தப்பவும் கூத்துதான். பேர் வேண்டாம், ஒரு கம்பெனி. ஆன்லைன் படிவத்துல நிரந்தர முகவரி கட்டாயம், தந்தை தொழில் கட்டாயம். இல்லத்து முகவரியைக் கொடுத்தான். விசாரிக்கப் போன ஆள் "அந்த முகவரியில் உறவினர் எவரும் இல்லை"ன்னு எழுதி அனுப்பிட்டான். ஒன்றரை மாசம் வேலை தொங்குச்சு. குழந்தைகள் நலக் குழுவோட பழைய ஆர்டர் நகலை வச்சு ஒரு வழியா முடிஞ்சுது. இதைப் பார்த்ததுல இருந்து எங்க டீமுக்கு எந்தப் படிவம் வந்தாலும் தந்தை பேர் கட்டத்துல இருக்கிற சிவப்பு நட்சத்திரத்தை எடுக்கச் சொல்லிச் சண்டை போடுறது என் பொழப்பாயிடுச்சு. இது வரைக்கும் ரெண்டு படிவத்துல ஜெயிச்சிருக்கேன்.

சரி, நாம என்ன பண்ணலாம்? அக்காவும் நண்பனும் சொன்னது:

பிறந்தநாளுக்கு இல்லத்துல சாப்பாடு போடுறது நம்ம பக்கம் நல்ல வழக்கம், போடுங்க. ஆனா கேக் வெட்டி, குழந்தையைத் தூக்கி போட்டோ எடுத்து, "அண்ணா அடுத்த வாரம் வர்றேன்"னு சொல்லிட்டு வராம மட்டும் இருக்காதீங்க. நாம மறந்துடுவோம், அது அடுத்த வாரம் கேட்டுல நிக்கும். நண்பன் சொன்னான்: "வர்றேன்னு சொன்னவங்க பேரெல்லாம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்குடா. வந்தவங்க பேரைவிட அதுதான் நல்லா ஞாபகம் இருக்கு."

தொடர்ந்து ஒரு குழந்தைக்குத் துணையா இருக்கணும்னு ஆசைன்னா, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியா, விசாரணை எல்லாம் முடிச்சு முறையா போங்க. அவங்க உங்களைத் துருவித் துருவிக் கேட்டா கோபப்படாதீங்க, கேட்டாத்தான் குழந்தைக்கு நல்லது. குழந்தை ஆபத்துல இருக்குன்னு தெரிஞ்சா 1098. கிடையில ஆடு மேய்க்கிற பையனைப் பார்த்தாலும் அதே நம்பர்தான்.

உங்க காலேஜ்லயோ ஆபீஸ்லயோ லாங் லீவுக்கும் ஊருக்குப் போகாம ஹாஸ்டல்லயே இருக்கிற பையனோ பொண்ணோ இருந்தா, ஏன்னு குடையாதீங்க. சாப்பிடக் கூப்பிடுங்க. ஒரு தடவை கூப்பிட்டா அடுத்த தடவையும் கூப்பிடுங்க. "பாவம்"னு மட்டும் சொல்லிடாதீங்க. அந்த வார்த்தையைக் கேட்டாலே எங்காளுக்குக் கெட்ட கோபம் வரும் :-)

அவன் இப்ப என்ன பண்றான்னு கேட்பீங்க. அரியர் எல்லாம் எழுதி முடிச்சு, என்னைவிட நல்ல சம்பளத்துல இருக்கான். தங்கச்சி நினைப்பு போயிடல, டிசம்பர் வந்தா ஒரு வாரம் சரியா தூங்க மாட்டான். அந்த வாரம் நான் அவன் ரூம்ல போய்ப் படுத்துக்குவேன். அவன் வளர்ந்த இல்லத்துல இருந்து 18 முடிஞ்சு வெளிய வந்த பசங்க நம்பர் எல்லாம் சேர்த்து ஒரு வாட்ஸப் குரூப் வச்சிருக்கான். யாருக்கு ரூம் கிடைக்கல, யாருக்கு பீஸ் கட்டணும், யாருக்குக் கல்யாணத்துல தாரை வார்க்க ஆள் வேணும், எல்லாம் அதுல ஓடும். வார்டன் அம்மாவையும் அதுல சேர்த்து விட்டிருக்கான். அவங்க காலங்காத்தால பூ போட்டு "காலை வணக்கம்" அனுப்பியே எல்லாரையும் கொல்றாங்களாம். ஒருத்தன்கூட குரூப்பை விட்டுப் போகல.